பட்டன் இருக்கிறது, பிடி இல்லை

ஆக்லாந்தில் பனி பெய்வதில்லை. 2011 ஆகஸ்டில் ஒரு நாள் நகரத்தின் நடுவே சில வெண்துகள்கள் மிதந்து இறங்கியதை இன்றைக்கும் இங்கே கதையாகச் சொல்பவர்கள் உண்டு. ஜூலை மாதத்திலும் பகலில் 14, 15 டிகிரி, இரவில் 7, 8. டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் இருந்து இதைப் படிப்பவர்கள் 'இதெல்லாம் ஒரு குளிரா' என்று சிரிக்கலாம். சிரியுங்கள். குளிர்காலத்துக்கென்று தனி டயர் இருக்கிறது என்பதே ஆக்லாந்துக்காரர்கள் பலருக்குத் தெரியாது. எனக்கும் வந்த புதிதில் தெரியாது. இங்கே குளிர்காலம் என்றால் மழை. விடாத, சாய்ந்து அடிக்கிற, குடையைப் பிய்த்து எறிகிற மழை.

ஆனால் ஆக்லாந்திலிருந்து தெற்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் கதை வேறு. துராங்கி என்ற ஊரைத் தாண்டியதும் ஸ்டேட் ஹைவே ஒன்று, எரிமலைகளுக்குக் கிழக்கே மேட்டில் ஏறுகிறது. இந்தப் பகுதிக்கு 'டெஸர்ட் ரோடு' என்று பெயர். பெயர்தான் பாலைவனம். மழைக்கு அங்கே குறைவில்லை, எரிமலைச் சாம்பல் மண்ணும் காற்றும்தான் செடி கொடிகளை வளரவிடாமல் வைத்திருக்கின்றன. இந்தச் சாலையின் உச்சி 1,074 மீட்டர். வலது பக்கம் ருவாபெஹு மலை வெள்ளையாக நிற்கும். குளிர்காலத்தில் பனியும் உறைநீரும் சேர்ந்துவிட்டால் சாலையை மூடிவிடுவார்கள்.

2025 ஜூலை பள்ளி விடுமுறையில், மகளுக்குப் பனியைக் காட்டுவதற்காகக் குடும்பத்தோடு அந்த வழியாகப் போனோம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா முன் சீட்டில் இருந்தார். சாலை திறந்திருந்தது. காலை எட்டரை மணி, நல்ல வெயில். ஒரு வளைவில் மட்டும் மண்மேட்டின் நிழல் சாலையை மூடியிருந்தது. நான் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது, மாவில் கரண்டியைச் சுற்றுவதுபோல. வண்டி நேராகவே போய், எதிர்த் தடத்தைத் தாண்டி, ஓரத்துச் சரளையில் ஏறிப் புழுதி கிளப்பி நின்றது. எதிரே ஒரு லாரியும் வரவில்லை என்பதைத் தவிர இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. எல்லாம் நான்கைந்து விநாடி. பின்சீட்டில் மகள் 'அப்பா, இன்னொரு தடவை' என்றாள். மனைவி அதற்குப் பிறகு வையூரு வரை பேசவில்லை.

வையூருவில் ராணுவ அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதன் வாகன நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டுக் காபி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா முன் சக்கரத்தின் அருகே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் திருச்சியில் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். டயரில் கட்டை விரல் நகத்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

"பட்டன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நகமே இறங்கலையேப்பா. எந்த வருஷத்து டயருடா இது?"

"மூணு வாரம் முன்னாடிதான் வாரண்ட் எடுத்தேன்பா. பாஸாயிடுச்சு."

"அது சரி. எந்த வருஷத்து டயர்?"

எனக்குத் தெரியவில்லை. பொறியியலில் முதுகலை படித்தவன், வேலையில் மென்பொருள் சோதனைகளைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவன், ஆறு வருடமாக ஓட்டும் காரின் டயருக்கு என்ன வயது என்று பார்த்ததே இல்லை. பக்கச் சுவரில் தேடினோம். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 2313. அதாவது 2013-ஆம் ஆண்டின் 23-வது வாரம். டயருக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. நான் வார நாட்களில் ரயிலில் வேலைக்குப் போகிறவன். வண்டி பெரும்பாலும் வாசலில் நிற்கும். அதனால்தான் பன்னிரண்டு வருடம் கழித்தும் அதில் பட்டன் மிச்சம் இருந்தது.

நம் ஊர் மெக்கானிக்குகள் டயரின் மேல்தோலில் உள்ள கட்டைகளையும் பள்ளங்களையும் சேர்த்துப் 'பட்டன்' என்கிறார்கள். பட்டன் தேய்ந்தால் மொட்டை டயர். நியூசிலாந்தில் வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் என்று ஒரு தகுதிச் சோதனை உண்டு. அதில் பள்ளத்தின் ஆழம், டயரின் அகலத்தில் முக்கால் பங்குக்கு, சுற்றளவு முழுவதும் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வெடிப்பு, கிழிசல், வீக்கம் இவற்றையும் பார்ப்பார்கள். என் டயரில் ஆறு மில்லிமீட்டர் இருந்தது, வெளியே தெரியும்படி வெடிப்பும் இல்லை. சோதித்தவர் மேல் குறை சொல்ல முடியாது. அவரிடம் இருந்தது ஆழம் பார்க்கும் ஊசி. ரப்பர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அந்த ஊசி சொல்லாது.

வீடு திரும்பியதும், மனைவியின் முறைப்பையும் மீறி, ரப்பரின் கடினத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினேன். ஷோர் ஏ என்று ஓர் அளவுகோல். பூஜ்யம் என்றால் களி, நூறு என்றால் கல். சாதாரணக் கார் டயர் புதிதாக இருக்கும்போது அறுபதிலிருந்து எழுபதுக்குள் காட்டும். என் டயர் 79 காட்டியது. வாசலில், 13 டிகிரியில். உறைநிலையில் இன்னும் கூடியிருக்கும். ஒரே ஒரு வண்டி, ஒரு மலிவுக் கருவி என்பதால் இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் நகத்துக்கும் கருவிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ரப்பர் ஏன் இறுகுகிறது? இங்கே கொஞ்சம் வேதியியல் தேவைப்படுகிறது. ரப்பர் என்பது மிக நீளமான மூலக்கூறு இழைகளின் குவியல். சூடாகப் பிழிந்த இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், இழுத்தால் நீளும், ஆனால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கினால் அது திரும்பிவரும் தன்மை பெறுகிறது என்று கண்டார். இழைகளுக்கு இடையே கந்தகம் அங்கங்கே பாலம் போட்டுவிடுகிறது. (அவர் பெயரில் உள்ள டயர் கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1898-இல் தொடங்கியது, அவர் நினைவாகப் பெயர் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் கடனாளியாகவே இறந்தார்.) பாலம் குறைவாக இருந்தால் பிசின், மிக அதிகமாக இருந்தால் எபனைட் என்கிற கட்டை. டயர் இரண்டுக்கும் நடுவில்.

சிக்கல் என்னவென்றால், பாலம் போடும் வேலை தொழிற்சாலையோடு நிற்பதில்லை. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் மெல்ல ரப்பருக்குள் நுழைந்து, வருடக்கணக்கில் புதிய பாலங்களைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். ரப்பரை இளக்கமாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறுகின்றன. காலையில் பிழிந்த இடியாப்பம் ராத்திரி எப்படி இருக்கும்? அதுதான்.

ஓஸோன் இன்னொரு எதிரி. ரப்பர் இழையை அது வெட்டுகிறது, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகளாகத் தெரிகிறது. இதைத் தடுக்க டயரில் மெழுகும், 6-பி.பி.டி. என்ற பொருளும் சேர்க்கிறார்கள். பழைய டயரின் பக்கச் சுவர் பழுப்பேறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அழுக்கு அல்ல, மேலே வந்து சேர்ந்திருக்கும் இந்தக் காவல்காரன்தான். டயர் உருண்டு, வளைந்து, நிமிரும்போதுதான் இவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வருகின்றன. வாசலில் நிற்கிற வண்டியில் அந்த வேலை நடப்பதில்லை. ஆகவே 'நான் அதிகம் ஓட்டுவதே இல்லை, டயர் புதுசு மாதிரிதான்' என்று நிம்மதியாக இருந்த என்னைப் போன்றவர்கள் நினைப்பது பாதிதான் சரி. பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் கிழடாகும். (இந்த 6-பி.பி.டி.யும் ஓஸோனும் சேர்ந்து உண்டாகும் ஒரு பொருள் மழைநீரோடு ஓடைகளில் கலந்து, கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் டயரைக் காப்பாற்றுவதற்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள்.)

இனி பிடி எப்படி வருகிறது என்று பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதி ரப்பருக்குச் சரியாகப் பொருந்தாது. என் கார் சுமார் 1,300 கிலோ. டயர் அழுத்தம் 32 பி.எஸ்.ஐ. ஒன்றை மற்றதால் வகுத்தால், நான்கு டயர்களும் சேர்ந்து சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் அளவு. கதை எழுதுகிற அந்த ஒரு தாளில்தான் குடும்பமே சவாரி செய்கிறது. அந்தத் தாளுக்குள்ளும் ரப்பர் எல்லா இடத்திலும் தொடுவதில்லை. சாலையின் கல் முனைகளின் மேல் ரப்பர் அழுந்தி, ஒவ்வொரு முனையையும் கவ்விக்கொண்டு, பிறகு விட்டுவிட்டு அடுத்ததைக் கவ்வுகிறது. நியூசிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகள் பெரும்பாலும் தாரின் மேல் ஜல்லி தூவி அமுக்கியவை, கவ்வுவதற்கு நிறைய முனைகள் கொண்டவை. கவ்வி விடுகிற ஒவ்வொரு முறையும் ரப்பருக்குள் சிறிது ஆற்றல் வெப்பமாகிச் செலவாகிறது. அந்தச் செலவுதான் ஈரச் சாலையில் நமக்குக் கிடைக்கும் பிடியில் பெரும்பங்கு.

இந்தக் கவ்வல் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை நடக்கவேண்டும். நிதானமாகக் கேட்டால் வளைந்து கொடுக்கிற ரப்பர், அவசரமாகக் கேட்டால் விறைத்துக்கொள்ளும். குளிர்ந்தாலும் விறைக்கும். ஒவ்வொரு ரப்பருக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதற்குக் கீழே அது கண்ணாடி மாதிரி உடையும் பொருளாகிவிடும். இயற்கை ரப்பருக்கு அது சுமார் மைனஸ் 70 டிகிரி. டயரில் கலக்கும் செயற்கை ரப்பர்கள் சிலவற்றுக்கு அதைவிட மேலே. அதனால் குளிர்கால டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கைக் கூட்டுகிறார்கள். அகிலன் 'பால்மரக் காட்டினிலே' நாவலில் காட்டிய மலேசியத் தோட்டங்களில் நம்மவர்கள் விடியற்காலையில் வெட்டிச் சேர்த்த பால், பின்லாந்துக்காரனின் பனிச்சாலையில் வந்து நிற்கிறது. பின்லாந்துதான் குளிர்கால டயரின் தாய்வீடு. 1934-இல் அங்கேதான் முதல் குளிர்கால டயரைச் செய்தார்கள்.

சாதாரண டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்குகிறது என்று டயர்க்காரர்கள் பொதுவாகச் சொல்வார்கள். ஏழு என்பது கோடு கிழித்த எல்லை அல்ல, மெல்ல நடக்கிற மாற்றம். கிழ டயர் ஏற்கெனவே விறைப்பாக இருப்பதால் அதற்கு இந்தக் குளிர் முன்னதாகவே வந்துவிடுகிறது. 12 டிகிரியில் கிழ டயர் எப்படி நடந்துகொள்கிறதோ, அப்படிப் புதிய டயர் நடந்துகொள்ள இன்னும் நல்ல குளிர் வேண்டும்.

ஆக டயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றுகின்றன. ரப்பர் கல்லைக் கவ்வுகிறது. மொட்டை டயரில் ரப்பர் இளமையாக இருந்தாலும் தண்ணீர் வெளியேற வழி இல்லை. கிழ டயரில் தண்ணீர் வெளியேறிவிடுகிறது, ஆனால் கவ்வ வேண்டிய பல் போய்விட்டது. சோதனை நிலையம் முதலாவதைத்தான் அளக்கிறது.

தண்ணீர் வெளியேறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நாஸா 1960-களில் விமானச் சக்கரங்களை வைத்து ஓர் எளிய கணக்குக் கண்டுபிடித்தது. டயர் அழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் வரும். 32-க்கு மணிக்கு 94 கிலோமீட்டர். 24-க்கு 82. இது தேங்கிய தண்ணீர் பள்ளத்தின் ஆழத்தையும் மிஞ்சியிருக்கும்போது. குளிர்காலத்தில் 'காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் பிடி கூடும்' என்று நண்பர்கள் சொல்வார்கள். மணலில் அது சரி. மழையில் அது மிதக்கும் வேகத்தை நம்மைத் தேடி கீழே கொண்டுவருவது. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஐந்தாறு டிகிரி குளிருக்கும் ஒரு பி.எஸ்.ஐ. தானாகவே இறங்கும். ஆக்லாந்தில் 15 டிகிரியில் அடித்த காற்று மலையில் பூஜ்ய டிகிரியில் மூன்று பி.எஸ்.ஐ. வரை குறைந்திருக்கும்.

இப்போது அந்த வளைவுக்குத் திரும்புகிறேன். பழியை டயர் மேல் போட்டுவிட்டால் எனக்கு வசதி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளைவின் ஆரம் 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 70 கிலோமீட்டர் வேகத்தில் அதில் திரும்ப உராய்வு எண் 0.26 வேண்டும். ஈரமான நல்ல சாலையில் புதிய டயருக்கு 0.6 அளவில் கிடைக்கும். கிழ டயருக்கு அதில் கால்வாசி குறைந்தாலும் போதும், மிச்சமே இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் சாலை நிறத்திலேயே படிந்திருக்கும் உறைநீரில் எந்தச் சாதாரண டயருக்கும் கிடைப்பது சுமார் 0.1. அதிலும் பூஜ்யத்தை ஒட்டிய உறைபனிதான் மகா மோசம், மேலே ஒரு தண்ணீர்ப் படலம் இருக்கும். மைனஸ் 10-இல் உள்ள பனிக்கட்டி அதைவிடத் தேவலை. நியூசிலாந்தின் உறைபனி பெரும்பாலும் பூஜ்யத்தைச் சுற்றியே இருக்கிறது. அன்றைக்குப் புதிய டயர் போட்டிருந்தாலும் வண்டி ஏறக்குறைய அப்படியேதான் போயிருக்கும். 45-இல் வந்திருந்தால் தேவை 0.11. நிழல் விழுந்த வளைவில், உறைபனிக் காலையில், எழுபதில் வந்தவன் நான். முதல் குற்றவாளி டயர் இல்லை.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொண்டார். பிறகு, "அப்ப மழையில?" என்றார்.

அதுதான் என்னை உலுக்கிய கேள்வி. டெஸர்ட் ரோட்டுக்கு நாங்கள் வருடத்தில் ஒரு முறை போகிறோம். ஆக்லாந்து மோட்டார்வேயில் மழையில், மகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, நூறு கிலோமீட்டர் வேகத்தில் எத்தனை முறை போயிருக்கிறேன்? அங்கேதான் ரப்பரின் வயது கணக்கில் வருகிறது. உதாரணத்துக்கு, நல்ல டயருக்கு உராய்வு எண் 0.7 என்றும் இறுகிய டயருக்கு 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். நூறில் பிரேக் அடித்தால் முதல் வண்டி 56 மீட்டரில் நிற்கும். இரண்டாவது நிற்க 79 மீட்டர் ஆகும். 23 மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். வேறு மாதிரிப் பாருங்கள். முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அது இன்னும் 54 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் நிற்பது லாரியின் பின்பக்கம் என்றால் மீதியை எழுதவேண்டியதில்லை. பனி வளைவு எங்களைப் பயமுறுத்திவிட்டு விட்டுவிட்டது. தினசரி மழை பன்னிரண்டு வருடமாகச் சத்தமில்லாமல் காத்திருந்தது.

வயதை மட்டும் காரணமாகக் கொண்டு டயரை ஒதுக்கவேண்டுமா என்பதில் உலகம் முழுக்க இழுபறி. பிரிட்டனில் 2012 செப்டம்பரில் சர்ரே மாவட்டத்தில், வைட் தீவில் நடந்த இசைவிழாவிலிருந்து திரும்பிய பஸ் ஒன்றின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். டயரில் பட்டன் சட்டப்படி சரியாகவே இருந்தது. வயது பத்தொன்பது. இறந்தவர்களில் ஒருவரின் தாயார் பல வருடம் போராடினார். கடைசியில் 2021 பிப்ரவரியிலிருந்து பஸ், லாரிகளின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் அங்கே தடை செய்யப்பட்டது. கார்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2007-இல் தன் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கைச் சொல்லியிருந்தது. டெக்ஸாஸ், அரிசோனா போன்ற ஐந்து வெப்ப மாநிலங்களில் அதன் வாடிக்கையாளர்கள் 27 சதவீதம்தான், ஆனால் டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்தே வந்தன. அவற்றில் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள். சென்னை, மதுரைக்காரர்கள் இந்த எண்களை இன்னொரு முறை படிக்கலாம். அவை டயர் பிய்ந்து போவது பற்றியவை, பிடி பற்றியவை அல்ல. ஆனால் உள்ளே நடக்கிற வேதியியல் ஒன்றுதான். கார் கம்பெனிகள் சில ஆறு வருடம் என்கின்றன. டயர் கம்பெனிகள் ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடம் ஒரு முறை சோதிக்கவும், பத்தில் எப்படியும் கழற்றவும் சொல்கின்றன. விற்கிறவன் சொல்வதுதானே என்று நானும் நினைத்தவன்தான்.

நியூசிலாந்துக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது. இங்கே புதிதாக வந்து சேரும் நம்மவர்கள் முதலில் வாங்குவது ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய காராகத்தான் இருக்கும். 1980-களின் இறுதியிலிருந்து இந்த இறக்குமதி நடக்கிறது. ஜப்பானில் ஆணி பதித்த பனி டயர்கள் சாலையைச் சுரண்டிப் புழுதி கிளப்பியதால் 1990-இல் அவற்றுக்கு எதிராகச் சட்டம் வந்தது. அதனால் ஆணி இல்லாத, பஞ்சு போல் மிருதுவான 'ஸ்டட்லெஸ்' டயர்கள் அங்கே பெருகின. பனிக்கட்டி மேல் அவை அற்புதம். அவற்றோடு ஒரு கார் கப்பலேறி ஆக்லாந்துக்கு வந்து, 100 கிலோமீட்டர் வேகத்தில் மழையில் ஓடினால்? பிரேக் தூரம் நீளும், வளைவில் வண்டி அலைபாயும். அதே டயர் சில வருடம் இங்கே ஓடி இறுகிவிட்டால் பனிக்கும் உதவாது, மழைக்கும் உதவாது. எனவே இங்கே குளிர்கால டயருக்குக் குறைந்தபட்ச ஆழம் 4 மில்லிமீட்டர், போட்டால் நான்கு சக்கரத்துக்கும் போடவேண்டும் என்று தனி விதியே வைத்திருக்கிறார்கள். பழைய கார் வாங்கும்போது இன்ஜினைத் திறந்து பார்த்துத் தலையாட்டுகிற நண்பரை, பக்கச் சுவரில் பனித்துளிச் சின்னமோ 'ஸ்டட்லெஸ்' என்ற சொல்லோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வயதைப் படிப்பது எளிது. கடைசி நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். சில டயர்களில் முழு எண் உட்பக்கச் சுவரில்தான் இருக்கும், டார்ச்சை வைத்துக்கொண்டு தரையில் படுக்கவேண்டும். ஈரத் தரையில் படுத்து நான் பார்த்தபோது பின் டயர்களின் வயது இன்னும் ஒன்று கூட என்று தெரிந்தது.

நான்கையும் மாற்றிவிடுவது என்று முடிவானது. கடையில் இரண்டு மட்டும் கைவசம் இருந்தது, மற்ற இரண்டு அடுத்த வாரம். அந்த இரண்டை எங்கே போடுவது என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் தகராறு. அப்பா சொன்னது: முன்னாடி. ஸ்டீயரிங் அங்கே, இன்ஜின் அங்கே, பிரேக்கின் பாரம் அங்கே. அவருடைய பணிமனையில் முன் சக்கரத்துக்குப் புது டயர், பின் சக்கரங்களுக்கு ரீட்ரெட் என்பது வேதவாக்கு. பஸ்ஸுக்கு அது முற்றிலும் நியாயம். முன் சக்கரம் வெடித்தால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது, பின்னால் இரட்டைச் சக்கரங்கள் இருப்பதால் ஒன்று போனாலும் சமாளிக்கலாம். பிரிட்டனின் சட்டமும் முன் அச்சைத்தான் குறிவைத்தது. ஆனால் காருக்கு டயர்க்காரர்கள் பின்னால் போடச் சொல்கிறார்கள். முன் டயர் பிடி இழந்தால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் வேகம் குறைந்து மறுபடி பிடி கிடைக்க வாய்ப்பு உண்டு. பின் டயர் பிடி இழந்தால் வண்டி தன்னைத்தானே சுற்றும், மழையில் அதைத் திருத்த நம்மில் முக்கால்வாசிப் பேருக்குக் கை வராது. நான் இதைச் சொல்லி முடித்ததும் அப்பா, "பஸ்ஸு பின்னாடி சுத்தி நான் பார்த்ததில்லை" என்றார். நாற்பது டன் அனுபவத்தோடு என்ன வாதம் செய்வது? கடைக்காரர் கேட்காமலே பின்னால் போட்டுவிட்டார்.

புதிய டயர் போட்டதும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். முதல் சில நூறு கிலோமீட்டர் அவையும் வழுக்கும், அச்சிலிருந்து எடுக்கும்போது மேலே ஒட்டிய வழவழப்பு தேயவேண்டும். ஆகஸ்டில் ஒரு மழை மாலையில், வீட்டுக்குப் பக்கத்து ரவுண்டபவுட்டில்தான் வித்தியாசம் தெரிந்தது. அங்கே எப்போதும் வண்டியின் மூக்கு லேசாக வெளியே தள்ளும். நான் அதைச் சாலையின் குணம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத் தள்ளவில்லை.

அப்பா செப்டம்பரில் ஊருக்குக் கிளம்பினார். விமான நிலையத்துக்குப் பெட்டிகளை ஏற்றும்போது டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கினார். ஸ்டெப்னி. (இந்தச் சொல் வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் உபரிச் சக்கரம் செய்த கம்பெனியிடமிருந்து வந்தது. நூறு வருடத்துக்கு மேலாகியும் நம் ஊரில் உயிரோடு இருக்கிறது, இங்கே ஆங்கிலேயர்களிடம் சொன்னால் விழிக்கிறார்கள்.) அதை நான் ஒரு தடவைகூட வெளியே எடுத்ததில்லை. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தார்.

"நாப்பத்தொண்ணு, சுழியம் ஏழு."

2007 அக்டோபர். வண்டியோடு பிறந்தது. என் கல்யாணத்துக்கும் மகளுக்கும் மூத்தது.

"வர்றப்ப மாத்திடு," என்று பலகையை மூடிப் பெட்டியை அதன் மேல் வைத்தார்.